புதுப்பிப்பு: மகளின் கன்னத்து மச்சத்துக்கு லேசர்: முழு மயக்கமா, களிம்பா?

நான்கு வயது மகளின் இடது கன்னத்திலிருந்து கீழ் இமை வரை பரவிய போர்ட் ஒயின் மச்சத்துக்கு (பிறவியிலேயே வரும் செந்நிற மச்சம்) லேசர் செய்யும்போது, மரத்துப்போகும் களிம்பு போதுமா, முழு மயக்கம் வேண்டுமா என்று மூன்று மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

முழு மயக்கத்தையே தேர்ந்தெடுத்தோம். மச்சத்தின் அளவைவிட அது கண்ணுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னவரின் யோசனைதான் முடிவெடுக்க உதவியது. இமையோரம் 595 நானோமீட்டர் சாய லேசர் (இத்தகைய மச்சங்களுக்கான லேசர் வகை) பாய்ச்சுவதற்கு, கண்ணைக் காக்க இமைக்குள் உலோகக் கவசம் வைக்க வேண்டும். விழித்திருக்கும் குழந்தை அதற்கு இணங்காது. மயக்க மருந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விடுத்த எச்சரிக்கையைப் படித்துப் பயந்திருந்தேன். குழந்தைகளைப் பொறுத்தவரை அது 3 வயதுக்குட்பட்டவர்களுக்குத் திரும்பத் திரும்பவோ, 3 மணி நேரத்துக்கு மேலோ மயக்கம் கொடுப்பதைப் பற்றியது என்று மயக்கவியல் மருத்துவர் விளக்கினார். எங்களுக்கு ஆனது 25 நிமிடம். முகத்தருகே ஆக்சிஜன் கசிந்தால் லேசர் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், தூங்கியதும் முகமூடியை எடுத்துவிட்டுத் மூச்சுக்காகத் தொண்டைக்குள் வைக்கும் எல்.எம்.ஏ. என்ற குழாயைப் பொருத்தினார்கள்.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. மயக்கம் தெளிந்ததும் இருபது நிமிடம், எங்களை யாரென்றே தெரியாதவள்போல் உதைத்துக்கொண்டு அழுதாள். செவோஃப்ளுரேன் என்ற மயக்க வாயு கொடுத்த குழந்தைகளிடம் இது சகஜமாம். முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். பிறகு தானாகவே அடங்கி, குச்சி ஐஸ் கேட்டாள். கன்னத்தில் காசு காசாக ஊதா வட்டங்கள் பத்து நாள் இருந்து மறைந்தன.

குழந்தையின் முழங்கையிலுள்ள சிறு மச்சத்துக்காகக் கேட்டிருந்தவருக்கு: அதற்குக் களிம்பே போதும் என்றார் எங்கள் மருத்துவர்.