டி அண்ட் ஏ ஷீட் போட்டும் ஷிப்மென்ட் தள்ளிப்போகுது, தப்பு எங்கே?

நொய்யல்கரை

வணக்கம்ங்க. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கேன், அதாவது ஆர்டர் வந்ததுல இருந்து ஷிப்மென்ட் வரைக்கும் பின்தொடர்ற வேலை. ஆறு வருஷ அனுபவம். எங்க சீனியர் அக்கா பிப்ரவரியில வேலையை விட்டதும் டீமை என் பொறுப்புல விட்டுட்டாங்க. என்கூட நாலு பேர். ஒருத்தர் நூலும் நிட்டிங்கும் பார்க்கிறார், ஒருத்தர் டயிங் (துணிக்குச் சாயம் ஏத்தறது). லேபிள், பாலிபேக், கார்ட்டன், கூடவே காலருக்கான ரிப் துணி, இதெல்லாம் ஒரு பொண்ணு. நாலாவது தம்பிக்கு சாம்பிளும் பையர் (ஆர்டர் கொடுக்கிறவங்க) மெயிலும்.

ஆர்டர் கையில வந்த அன்னிக்கே டி அண்ட் ஏ (டைம் அண்ட் ஆக்ஷன்) ஷீட், அதாவது எந்த வேலை என்னிக்கு முடியணும்கிற அட்டவணை, போட்டுடுவேன். 90 நாள் இருந்தா ஷிப்மென்ட் தேதியில இருந்து பின்னாடியே எண்ணி வந்து, லேப் டிப் (சாய நிற மாதிரி) அப்ரூவல் இந்தத் தேதி, பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தின மாதிரி பீஸ்) இந்தத் தேதி, துணி இன்ஹவுஸ் (கம்பெனிக்குள்ள வந்து சேர்றது) இந்தத் தேதின்னு எக்செல்ல கலர் அடிச்சு எல்லாருக்கும் அனுப்பிடுவேன். அப்படியும் கடைசி நாலு ஆர்டர்ல மூணு லேட். போன மாசம் 24,000 டி-ஷர்ட், மூணு கலர், 11 நாள் தள்ளிப்போச்சு. ஒரு பகுதியை ஏர்ல அனுப்ப வேண்டியதாப் போச்சு, செலவு முழுக்க எங்க தலையில. மீட்டிங்ல யாரைக் கேட்டாலும் "டயிங் லேட்டுங்க"ன்னு ஒரே பதில். எம்டி ஒரு சாஃப்ட்வேர் வாங்கிடலாம்னு சொல்றார்.

அந்த ஆர்டரை அனுப்பற கடைசி ரெண்டு வாரமும் செக்கிங் செக்‌ஷன் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் ஓடுச்சு. அங்க ஒரு அக்கா என் கையைப் பிடிச்சு, "ஏன் கண்ணு, எங்கியோ நின்னுபோற நாளெல்லாம் எங்ககிட்ட வந்துதான் கழியணுமா?"ன்னு கேட்டாங்க. பதில் சொல்ல முடியலை. ஷீட்ல தப்பா, டீம்ல தப்பா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கட்டிங் டேபிள்

தம்பி, 23 வருஷமா புரொடக்‌ஷன்ல இருக்கேன். சாஃப்ட்வேர் பேச்சை ஒரு மாசம் தள்ளி வைங்க. முதல்ல அந்த 24,000 பீஸ் ஆர்டரோட டெலிவரி சலான்களை எடுத்து மேஜையில தேதிவாரியா அடுக்குங்க. பாடி (சட்டை உடம்புக்கான) துணி சாயப்பட்டறைக்கு என்னிக்குப் போச்சு, ரிப் என்னிக்குப் போச்சு, இந்த ரெண்டு தேதியை மட்டும் பாருங்க.

இதை ஏன் கேக்கறேன்னா, பாடியும் ரிப்பும் ஒரே பேட்ச்ல சாயம் ஏறினாத்தான் காலரும் உடம்பும் ஒரே ஷேடா வரும். ஒரு கலருக்கு 8,000 பீஸ்னா பாடி கிட்டத்தட்ட 1,400 கிலோ. ரிப் 70 கிலோ வந்தா அதிகம். அந்த 70 கிலோ வரலைன்னா 1,400 கிலோவும் பட்டறையில மூட்டையாக் கிடக்கும். உங்க டீம்ல பாடி ஒருத்தர்கிட்ட, ரிப் இன்னொருத்தர்கிட்ட, டயிங் மூணாவது ஆள்கிட்ட. மூணு பேரும் அவங்கவங்க வேலையை ஒழுங்கா செஞ்சிருப்பாங்க. ரெண்டும் ஒண்ணா போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்கிற வேலை யார் பேர்லயும் இல்லை. சாமான் வாரியா ஆளைப் பிரிச்சா இதான் நடக்கும். ஆர்டர் வாரியாப் பிரிங்க. ஒரு ஆர்டர்னா நூல் வாங்கறதுல இருந்து கண்டெய்னர் கதவு சாத்தற வரைக்கும் ஒரே ஆள் பேர்ல இருக்கட்டும்.

ஷீட் பத்தியும் ஒண்ணு சொல்லணும். நான் புதுசா பொறுப்பு எடுத்த வருஷம் ஒரு லைக்ரா ஆர்டர். ஷீட்ல துணி வந்த மறுநாள் கட்டிங்னு போட்டிருந்தேன். கட்டிங் மாஸ்டர், "சாமி, லைக்ரா துணியைப் பிரிச்சு விரிச்சு ஒரு நாளாவது கிடக்க விடணும், சுருங்கிக்கும்"னார். தேதி போயிடுமேன்னு நான் பிடிவாதமா வெட்டச் சொல்லிட்டேன். தைச்சு வந்ததும் டேப் வெச்சுப் பார்த்தா உயரம் குறையுது, 6,000 பீஸ். அந்த மாஸ்டர் என்னை ஒரு வார்த்தை சொல்லலை. அது இன்னிக்கும் எனக்கு உறுத்துது. அதுக்கப்புறம் நான் தனியா உக்காந்து ஷீட் போட்டதே இல்லை. கட்டிங் மாஸ்டர், தையல் லைன் காண்ட்ராக்டர், அயர்னிங் ஆள், எல்லாரையும் கட்டிங் டேபிளைச் சுத்தி நிக்க வெச்சு, "உங்களுக்கு எத்தனை நாள் வேணும்?"னு கேட்டு அவங்க வாயால வந்த நாளைத்தான் எழுதுவேன். அவங்க சொன்ன தேதிக்கு அவங்களே பொறுப்பா நிப்பாங்க. நீங்க மெயில்ல அனுப்பற தேதியை அங்க யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாங்க.

சாயத்தண்ணி

பெருந்துறைப் பக்கம் ஒரு டயிங் யூனிட்ல ஃப்ளோர் பார்க்கிறேன். எங்க பக்கத்தையும் சொல்லிடறேன்ங்க.

2011 ஜனவரியில ஐகோர்ட் உத்தரவால திருப்பூர் சாயப்பட்டறை எல்லாம் மூடினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் ஒரு சொட்டு சாயத்தண்ணிகூட வெளியே விடாம ஓட்டறோம். சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு எடுத்துக்குமோ அவ்வளவுதான் எங்களால ஓட்ட முடியும், மெஷின் காலியா இருந்தாலும் சரி. நேவி ஓடின மெஷின்ல அடுத்து வெள்ளையோ பேபி பிங்கோ போடணும்னா நடுவுல மெஷின் வாஷ் விடணும். அந்தத் தண்ணியும் அதே கணக்குலதான் சேரும். அதனாலதான் வெளிர்ல ஆரம்பிச்சு அடர்த்திக்கு ஓட்டறோம். மெர்ச்சண்டைசருங்க போன் பண்ணி "நேவியை முதல்ல போடுங்க, பையர் கேக்கறாங்க"ன்னா அந்த வரிசையே குலையுது.

ரிப் வரலைன்னா உங்களுக்கு வெச்ச மெஷினை நாங்க சும்மா நிறுத்த முடியாதுங்க, அடுத்த கம்பெனி லாட்டை ஏத்திடுவோம். ரிப் வந்ததும் நீங்க திரும்ப வரிசையில கடைசியில நிப்பீங்க. ஆறு நாள் லேட்டு பதினொரு நாளா ஆகறது இப்படித்தான். முன்கூட்டி ஒரு போன் போட்டு "ரிப் திங்கள்தான் வரும்"னு சொல்லியிருந்தா, திங்களுக்கே இடம் மாத்தி வெச்சிருப்போம். அந்த போன் வர்றதே இல்லை.

கோவை பி.எம்.

நான் சாஃப்ட்வேர் துறையில புராஜெக்ட் மேனேஜர், பனியன் தொழில் தெரியாது. 1950-களின் கடைசியில அமெரிக்காவுல டூபாண்ட் கம்பெனி ஆலை வேலைகளைத் திட்டமிட உருவாக்கின கிரிட்டிகல் பாத் முறையும் இதே கேள்வியைத்தான் கேக்குது: எந்த வேலை ஒரு நாள் தள்ளினா கடைசித் தேதியும் ஒரு நாள் தள்ளும்? உங்க ஷீட்ல எல்லா வரியும் ஒரே கலர், ஒரே கனம். ரிப் வரியை எத்தனை பேர் கவனிச்சிருப்பாங்க? அப்படிப்பட்ட நாலஞ்சு வரியைத் தனியா எடுத்து எழுதிச் சுவத்துல ஒட்டுங்க.

நொய்யல்கரை

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. நேத்து சலான்களை எடுத்து அடுக்கினேன். நேவி பாடி 4-ஆம் தேதி பட்டறைக்குப் போயிருக்கு, ரிப் 10-ஆம் தேதி. அப்படியே ஆறு நாள். அந்தப் பொண்ணு ரிப் நூலுக்கு பிஓ (வாங்கறதுக்கான ஆர்டர்) கேட்டு மெயில் போட்டிருக்கு, நூல் பார்க்கிறவர் பாடி நூலோட சேர்த்து வந்துடும்னு நினைச்சிருக்கார். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் முதுகைக் காட்டி உக்காந்திருக்காங்க, நடுவுல நாலடி தூரம்கூட இல்லை. பட்டறைக்காரங்களை மீட்டிங்ல அத்தனை பேசினதுக்கு போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன்.

திங்கள்ல இருந்து ஆர்டர் வாரியாப் பிரிச்சுட்டேன். ஒரு சந்தேகம்: அடுத்த ஆர்டர்ல தையல் சரியா தீபாவளியை ஒட்டி வருது. அதை எப்படிப் போடறது?

கட்டிங் டேபிள்

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை சம்பளத்துக்குள்ள தையல் முடியற மாதிரி துணித் தேதியை முன்னாடி இழுங்க. போனஸ் வாங்கி ஊருக்குப் போனவங்க எல்லாரும் ஒரே நாள்ல திரும்ப மாட்டாங்க. மதுரை, தேனிக்காரங்க ஒரு கணக்கு, ஒடிசாப் பையன்கள் வேற கணக்கு. காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு யார் யார் என்னிக்கு வருவாங்கன்னு பேர் சொல்லிக் கேட்டு எழுதுங்க. செக்கிங்ல அந்த அக்காவையும் அன்னிக்கு டேபிள்கிட்டக் கூப்பிடுங்க தம்பி, அவங்களுக்கு எத்தனை நாள் வேணும்னு அவங்களே சொல்லட்டும்.