கலங்கலா, கலங்கன்மையா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் நீர்த்தேக்கங்களில் மிதந்தபடி நீரின் தரத்தைச் சோதிக்கும் அன்ன வடிவ இயந்திரத்தைப் பற்றி உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதுகிறேன். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் சேர்ந்து உருவாக்கியது அது. பாலையும் நீரையும் பிரித்துக்கொண்டிருந்த அன்னத்துக்கு ஒருவழியாக அரசாங்க வேலை கிடைத்துவிட்டது! கரைந்த ஆக்சிஜன், பச்சையம் எல்லாம் எழுதியாயிற்று. டர்பிடிட்டியில்தான், அதாவது நுண்துகள்களால் நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகையில்தான், பேனா நின்றது.

'மாசளவு' என்று ஒரு நண்பர் சொன்னதை ஏற்க முடியவில்லை. ஈயம் கரைந்த நீர் பார்வைக்குப் பளிங்குபோல இருக்கும். 'மங்கல்' என்றால் நிறமும் உள்ளே வந்துவிடும். காப்பிக்கடையில் தே ஓ (பால் விடாத தேநீர்) வாங்கிப் பாருங்கள்: நிறம் உண்டு, கலங்கல் இல்லை. பால் விட்ட தேயில் கரண்டியே மறைந்துவிடும். கருவி பார்ப்பதும் இந்த வேறுபாட்டைத்தான். நீரில் நிற்கும் நுண்துகள்களில் பட்டு ஒளி 90 பாகையில் எவ்வளவு சிதறுகிறது என்று அளக்கிறது.

நல் + மை 'நன்மை' ஆவதுபோலக் கலங்கல் + மை 'கலங்கன்மை' என்று இதற்கு ஐயா ஒருவர் எழுதியிருந்தார். புணர்ச்சி சரிதான். ஆனால் காதில் 'அன்மை' (அல்லாத தன்மை) விழுகிறதே! கலங்கன்மை கூடினால் நீர் தெளிகிறது என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டால் கதை கெட்டது.

ஆகவே வெறும் 'கலங்கல்' போதும் என்பது என் கட்சி. ஏரியில் மிகைநீர் வழியும் இடத்துக்கும் அதே பெயர் உண்டு, தெரியும். தமிழ்நாட்டில் எழுதுபவர்கள் வேண்டுமானால் 'நீர்க்கலங்கல்' என்று வைத்துக்கொள்ளட்டும். இங்கே குழப்பம் வராது. கருவி 'கலங்கலளவி'. அலகை மட்டும் ஆங்கிலச் சுருக்கமான என்டியு (NTU, Nephelometric Turbidity Unit) என்று விட்டுவிடக் கூடாது. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு அது ஜூரோங் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகம். 'கலங்கல் அலகு' என்றே எழுதலாம்.

அப்புறம் இன்னொன்று. கட்டுமானத் தளத்திலிருந்து வடிகாலில் விடும் நீரில் துகள்கள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இங்குள்ள விதி. இது எடைக் கணக்கு. கலங்கல் ஒளிக் கணக்கு. இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. எடைக் கணக்கில் வரும் இந்தத் துகள்களை 'மிதக்கும் திடப்பொருள்' என்று பலர் எழுதுகிறார்கள், ஆனால் அவை மேலே மிதப்பதில்லை, நடுவில் நிற்கின்றன. 'தொங்குதுகள்' என்று போட்டுப் பார்த்தேன். அடுக்குமாடி புளோக் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயும் துணிதான் கண்ணில் வருகிறது. யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?