டியூக் வளர்த்த பிள்ளையாம் கைரி இர்விங்! 11 ஆட்டத்தில் என்ன வளர்ப்பு?

காட்டுப்பூனை:
நம் கூடைப்பந்து மன்றத்தில், டியூக் ஆட்டக்காரர் கூப்பர் ஃபிளாக் பற்றிய திரியில் நீலச்சட்டை எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் போச்சு. அவர் எழுதியது இது: "டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர்களில் ஆறு பேர் டியூக் பல்கலைக்கழகம் வளர்த்த பிள்ளைகள். கென்டக்கிக்கு மூன்றே பேர். என்பிஏவின் நாற்றங்கால் டர்ஹாமில் இருக்கிறது." (புதியவர்களுக்கு: என்பிஏ அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக், டிராஃப்ட் அதன் அணிகள் வருடாவருடம் புது ஆட்களைத் தேர்ந்தெடுப்பது, டர்ஹாம் டியூக் இருக்கும் ஊர். நான் கென்டக்கிக் கட்சி.)

அந்த ஆறில் ஒருவர் கைரி இர்விங். 2010-11 சீசனில் அவர் டியூக்குக்கு ஆடியது மொத்தம் 11 ஆட்டம். டிசம்பர் 4-ல் பட்லர் அணியோடு ஆடும்போது வலது கால் பெருவிரலில் அடி. அப்புறம் மார்ச் பாதி வரை பெஞ்ச். ஜூனில் கிளீவ்லேண்ட் அணி டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்துக்கொண்டு போய்விட்டது. 11 ஆட்டத்தில் எதை வளர்த்தீர்கள், கால் நகத்தையா?

நீலச்சட்டை:
வந்துட்டார் ஐயா. ஃபிளாக் முதல் ஆளாக டல்லாஸ் போன வயிற்றெரிச்சலை 14 வருடம் பின்னால் போய்க் கொட்டுகிறார்.

ஆறு பேரையும் வரிசையாகவே சொல்கிறேன். 1963 ஆர்ட் ஹேமன், 1999 எல்டன் பிராண்ட், 2011 கைரி, 2019 சயான் வில்லியம்சன், 2022 பாவ்லோ பாங்கெரோ, 2025 ஃபிளாக். உங்களுக்கு ஜான் வால், ஆந்தனி டேவிஸ், கார்ல்-ஆந்தனி டவுன்ஸ். தீர்ந்தது.

கைரியின் 11 ஆட்டத்தை ஒன்றாவது பார்த்திருக்கிறீர்களா? மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக 31 பாயின்ட். அடிபட்டுத் திரும்பி வந்து அரிசோனாவுக்கு எதிராக 28. சராசரி 17.5. மற்ற கல்லூரியில் நாலு வருடம் ஆடுகிறவன் காட்டாததை அவர் 11-ல் காட்டினார்.

காட்டுப்பூனை:
அந்த அரிசோனா ஆட்டத்தில் 93-77 என்று அடிவாங்கி வீட்டுக்குப் போனதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சரி விடுங்கள். காட்டினார் என்கிறீர்கள். காட்டியது அவர். வளர்த்தது யார்? நியூ ஜெர்சியில் பள்ளிக்கூடத்திலேயே முழுதாகத் தயாராகி வந்த பையன் அவர். அப்பாவே தொழில்முறையாக ஆடினவர். டியூக்கின் பங்கு 11 ஆட்டத்துக்குச் சட்டை கொடுத்தது.

கணக்குவாத்தியார்:
இருவரும் ஒரு நிமிடம். "வளர்த்த பிள்ளை" என்றால் எதை எண்ணுகிறோம்? டிராஃப்டில் போன தலைகளையா, முதல் இடத்தை மட்டுமா, என்பிஏவில் எத்தனை வருடம் நின்றார்கள் என்பதையா, கல்லூரியில் ஆடிய ஆட்டங்களையா? அதை முதலில் முடிவு செய்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

காட்டுப்பூனை:
வாத்தியாரே, எதை வேண்டுமானாலும் எண்ணுங்கள். 11 என்பது 11தான்.

வெளிர்நீலம்:
சேப்பல் ஹில்லில், வட கரோலினா பல்கலைக்கழகக் கட்சியில் இருந்து ஒருவன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறேன். மைக்கேல் ஜோர்டன் எங்களிடம் மூன்று சீசன் ஆடினார். 1982 கல்லூரி ஃபைனலில் ஜார்ஜ்டவுனுக்கு எதிராக அந்த வெற்றி ஷாட்டைப் போட்டபோது முதல் வருட மாணவர். அப்படியும் இன்னும் இரண்டு வருடம் இருந்தார். அதற்குப் பெயர் வளர்ப்பு. நீங்கள் இருவரும் நடத்துவது லாட்ஜ். 2005 ஒப்பந்தத்தில் 19 வயது ஆகியிருக்க வேண்டும், பள்ளி முடித்து ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும் என்று என்பிஏ விதி போட்டது. அதனால் பையன்கள் எட்டு மாதத்துக்கு அறை எடுத்துத் தங்கிவிட்டுப் போகிறார்கள். லாட்ஜ்காரர்கள் பிள்ளைப்பாசம் பேசுகிறீர்கள்.

நீலச்சட்டை:
வெளிர்நீலம், உங்களை இங்கே யாரும் கூப்பிடவில்லை. 2019 பிப்ரவரியில் உங்களோடு ஆடும்போது எங்கள் சயானின் ஷூ 36 விநாடியில் பிய்ந்ததால் ஜெயித்தவர்கள் நீங்கள். ஒபாமா உட்பட அரங்கமே எழுந்து நின்றது. ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

வெளிர்நீலம்:
ஷூவை நாங்களா தைத்தோம்?

காட்டுப்பூனை:
ஷூவும் வேண்டாம் லாட்ஜும் வேண்டாம். திரியின் தலைப்பைப் பாருங்கள். கைரி. 11.

நீலச்சட்டை:
சரி, கைரியே பேசுவோம். டியூக்கின் கோச் கே, அதாவது மைக் ஷஷெவ்ஸ்கி, கைரியை விட்டது எப்போது? 2014 உலகக் கோப்பையில் அமெரிக்க அணியின் கோச் மைக் ஷஷெவ்ஸ்கி, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் கைரி. 2016 ரியோ ஒலிம்பிக் தங்கம், அதே கோச், அதே கைரி. அந்த வருடம் ஜூனில்தான் என்பிஏ ஃபைனல் ஏழாவது ஆட்டத்தில், 53 விநாடி மிச்சம் இருக்கும்போது, எதிரணி ஸ்டெஃபன் கரியின் முகத்துக்கு நேராக அந்த த்ரீ பாயின்ட்டர். 89-89 இருந்தது 92-89 ஆனது. கல்லூரிக்கும் என்பிஏவுக்கும் தொடர்பு என்றால் இதுதான் தொடர்பு. டிராஃப்ட் மேடையோடு கைகழுவிவிடுவதல்ல.

காட்டுப்பூனை:
அமெரிக்க அணி டியூக்கா? அப்படிப் பார்த்தால் அந்த அணியில் கோச் கே கீழ் ஆடிய லெப்ரான் ஜேம்ஸும் கோபி பிரையன்ட்டும் டியூக்கா? இருவரும் எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்காதவர்கள். ஆனாலும் 11 குறைவாக இருக்கிறதே என்று அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெஞ்ச்மணி:
நான் இங்கே புதுசு. ஒரு கேள்வி. கைரியைக் கழித்தாலும் டியூக்குக்கு ஐந்து பேர் இருக்கிறார்களே. கென்டக்கிக்கு மூன்று. அப்புறம் எதற்குச் சண்டை?

காட்டுப்பூனை:
புதுசு என்றால் கொஞ்ச நாள் படித்துவிட்டு எழுதுங்கள் தம்பி.

நீலச்சட்டை:
ஹா ஹா. தம்பி கேட்டதுக்கு பதில் வராது. நானே அடுத்ததைக் கேட்கிறேன். 11 ஆட்டம் போதாது என்கிறீர்கள். ஷேடன் ஷார்ப்? 2022 ஜனவரியில் உங்கள் ஊர் லெக்சிங்டன் வந்தார். கென்டக்கிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஜூனில் போர்ட்லேண்ட் ஏழாவது ஆளாக எடுத்தது. பூஜ்யம்! இன்னும் பின்னால் போங்கள். கைரி போன அதே 2011 டிராஃப்டில் மூன்றாவது ஆள் ஈனஸ் கான்டர். துருக்கியில் ஃபெனர்பாசே கிளப்பிடம் பணம் வாங்கியதற்காகக் கல்லூரி ஆட்டத்துக்குத் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அவரும் பூஜ்யம். போன ஜூலையில் உங்கள் பழைய கோச் பெயரில் "கலிபாரி அனுப்பிய பட்டாளம்" என்று ஒரு பட்டியல் ஒட்டினீர்களே, அதில் இந்த இரண்டு பெயரும் இருந்ததா இல்லையா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா?

காட்டுப்பூனை:
பட்டியல் வேறு, "வளர்த்த பிள்ளை" வேறு. நான் அனுப்பியது என்றுதான் எழுதினேன். தமிழ் படிக்கத் தெரியாதவரோடு என்ன பேசுவது? ஷார்ப் எங்கள் பிள்ளை என்று நான் எழுதிய ஒரு வரி காட்டுங்கள். நீங்கள் கைரியைப் பிள்ளை என்று எழுதியதை நான் காட்டிவிட்டேன். 11 ஆட்டப் பிள்ளை.

வளர்ப்பு எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா? டெவின் புக்கர். 2014-15-ல் 38 ஆட்டம் ஆடினார், ஒன்றில்கூட முதல் ஐந்தில் இறங்கவில்லை. அந்த அணியில் அவ்வளவு பேர். டவுன்ஸ், காலி-ஸ்டைன், லைல்ஸ், ஹாரிசன் சகோதரர்கள். சமமான இரண்டு கூட்டமாகப் பிரித்து மாற்றி மாற்றி இறக்கினார் கலிபாரி. புக்கர் வெளியே இருந்து வந்து, கிடைத்த இருபது சொச்ச நிமிடத்தில் ஓரத்தில் நின்று போட்டுக் கற்றுக்கொண்டார். சராசரி 10 பாயின்ட்தான். டிராஃப்டில் 13வது. இரண்டு வருடத்தில், 2017 மார்ச்சில், பாஸ்டனில் போய் 70 பாயின்ட் அடித்தார். 20 வயதில்!

நீலச்சட்டை:
அதாவது உங்கள் கோச் கண்ணுக்கு 70 பாயின்ட் ஆள் முதல் ஐந்துக்குக்கூடத் தேறவில்லை. இதை வளர்ப்பு என்று நீங்களே எழுதுகிறீர்கள், நான் சொல்லவில்லை. 38 வெற்றி, ஒரே தோல்வி என்று முடித்த அந்த அணியில் இருந்து அந்த வருடமே ஆறு பேர் டிராஃப்டில் போனார்கள். ஆனாலும் விஸ்கான்சினிடம் 71-64 என்று தோற்றீர்கள். கோப்பை? 2015 கல்லூரி சாம்பியன் கோப்பை எந்தக் கல்லூரி அலமாரியில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

காட்டுப்பூனை:
கோப்பைக் கணக்குக்கே வந்துவிட்டீர்களா, ரொம்ப நல்லது. கென்டக்கி 8, டியூக் 5. வேறு ஏதாவது?

வெளிர்நீலம்:
நாங்கள் 6. சும்மா சொல்லி வைத்தேன்.

கணக்குவாத்தியார்:
மறுபடியும் கேட்கிறேன், எதை எண்ணுகிறோம்?

ராத்திரிக்கோட்டான்:
வாத்தியாரை யாராவது கவனியுங்கள், பாவம். நான் சென்னையில் விடியற்காலை எழுந்து இந்த ஆட்டங்களைப் பார்க்கிற ஆள், எந்தக் கட்சியும் இல்லை. ஆனால் தொடர்பு என்றால் டிராஃப்ட் மட்டும்தானா? பாட் ரைலி 1967-ல் கென்டக்கியில் இருந்து போனவர். என்பிஏ அணியான மயாமி ஹீட்டின் தலைவர் அவர். அந்த அணி 2017-ல் பாம் அடெபாயோ, 2019-ல் டைலர் ஹீரோ என்று கென்டக்கி பையன்களை எடுத்தது. டியூக் பக்கம் நாலு வருடம் ஆடிய ஜேஜே ரெடிக் 2024-ல் லேக்கர்ஸ் கோச். எல்டன் பிராண்ட் ஃபிலடெல்ஃபியாவில் ஜெனரல் மேனேஜர் ஆனார். இந்த வலை எனக்குச் சுவையாக இருக்கிறது. நீங்கள் ஒரு பெருவிரலிலேயே நிற்கிறீர்கள்.

காட்டுப்பூனை:
கோட்டான் சார் நியாயமான ஆள். ரெடிக் டியூக் பிள்ளை, நான் மறுக்கவே இல்லை. நாலு வருடம் வியர்வை சிந்தினார். பிராண்ட், கிரான்ட் ஹில், எல்லாம் சரி. அந்த நாலு வருடத்தோடு 11 ஆட்டத்தை ஒரே தட்டில் வைக்கிறதைத்தான் கேட்கிறேன். காக்கைக் கூட்டில் ஒரு ராத்திரி இருந்த குயில் குஞ்சு பாடினால் காக்கைக்கு ஏன் இவ்வளவு பெருமை?

நீலச்சட்டை:
இந்த வெறுப்புக்கு வேர் எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். 1992 மார்ச் 28, ஃபிலடெல்ஃபியா, டியூக்கும் கென்டக்கியும். 2.1 விநாடி மிச்சம், கென்டக்கி 103-102 முன்னிலை. கிரான்ட் ஹில் மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்து எறிந்தார். எங்கள் கிறிஸ்டியன் லேட்னர் பிடித்தார், ஒரு தடவை தட்டினார், திரும்பினார், போட்டார். 104-103. அன்றைக்கு அவர் போட்ட பத்து ஷாட்டும் உள்ளே, பத்து ஃப்ரீ த்ரோவும் உள்ளே. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் காயம் ஆறவில்லை.

காட்டுப்பூனை:
அந்த லேட்னர் அதே ஆட்டத்தில் கீழே கிடந்த எங்கள் பையன் டிம்பர்லேக் நெஞ்சில் மிதித்தாரே! டெக்னிக்கல் ஃபவுல் மட்டும் கொடுத்து உள்ளேயே விட்டார்கள். வெளியே அனுப்பியிருந்தால் அந்த ஷாட்டே இல்லை. இதை ஏன் எந்த டியூக்காரரும் எழுதுவதில்லை?

நீலச்சட்டை:
லேசாகக் கால் பட்டது.

காட்டுப்பூனை:
லேசாகவா? கண் டாக்டரைப் பாருங்கள். டியூக்கில் நல்ல மருத்துவமனை இருக்கிறதாம்.

மட்டுறுத்துநர்:
தனிநபர் தாக்குதல் வேண்டாம். தலைப்புக்கு வாருங்கள்.

காட்டுப்பூனை:
தலைப்பில் இருப்பவன் நான் ஒருவன்தான் சார். தலைப்பு 11.

பெஞ்ச்மணி:
ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் கென்டக்கிதானே? 2025-ல் என்பிஏவின் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்), சாம்பியன், ஃபைனல் எம்விபி எல்லாம் அவர். அதைச் சொன்னாலே நீங்கள் ஜெயித்திருக்கலாமே அண்ணே.

காட்டுப்பூனை:
தம்பி இப்போதான் உருப்படியாக ஒன்று எழுதினார். அதையும் சொல்லத்தான் போகிறேன், அவசரமில்லை. முதலில் கைரி கணக்கு முடியட்டும்.

நீலச்சட்டை:
ஷே போனது 2018-ல். அவரை அனுப்பிய கலிபாரியே 2024-ல் ஆர்கன்சாவுக்குப் போய்விட்டார். தொழிற்சாலைக்கு மேஸ்திரியே இல்லை, போர்டு மட்டும் தொங்குகிறது. போவதற்கு முன் கடைசியாகச் செய்தது என்ன? கல்லூரித் தொடரின் தரவரிசையில் 14வது இடத்தில் இருந்த ஓக்லண்டிடம் 80-76 தோற்றது. ஓர் ஆள் பத்து த்ரீ பாயின்ட்டர் போட்டான் உங்கள் பட்டாளத்துக்கு எதிராக.

வெளிர்நீலம்:
ஆங், ஓக்லண்ட்! நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள். அந்த ஆட்டத்துக்கு என்னோடு 20 டாலர் பந்தயம் கட்டினாரே காட்டுப்பூனை, அது இன்னும் வரவில்லை.

காட்டுப்பூனை:
அது பந்தயம் இல்லை, பேச்சுக்குச் சொன்னது.

வெளிர்நீலம்:
"கட்டினேன் 20" என்று எழுதியது பேச்சா? தேதியோடு எடுத்துப் போடட்டுமா?

நீலச்சட்டை:
போடுங்கள் போடுங்கள். 20 டாலரே வரவில்லை, இவர் 11-ஐ எண்ணுகிறார்.

காட்டுப்பூனை:
லீஹை, மெர்சர் என்ற சின்னக் கல்லூரிகளிடம் தோற்ற ஊர்க்காரர் ஓக்லண்டைப் பற்றிப் பேசுகிறார். 2012-ல் 15வது இடத்து லீஹை 75-70. அதில் 30 பாயின்ட் அடித்த மெக்காலம் என்பிஏவில் வருடக்கணக்காக நின்று ஆடினார். அவரையும் நீங்கள் வளர்த்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். உங்களோடு ஓர் ஆட்டம் ஆடியிருக்கிறாரே, 11-ல் ஒரு பங்கு.

கணக்குவாத்தியார்:
நான் கிளம்புகிறேன். பரீட்சைத் தாள் திருத்த வேண்டும்.

நீலச்சட்டை:
11 ஆட்டம் என்று வாய்க்கு வந்தபடி திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களே, அதில் முன்னால் 8, மார்ச்சில் 3. அடிபட்ட விரலோடு திரும்பி வந்து ஆடிய அந்த மூன்றை மட்டும் எடுங்கள். டிராஃப்டில் முதல் இடம் உறுதி என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த பையன், பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். கோச்சுக்காக வந்தார். அதை வளர்ப்பு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

காட்டுப்பூனை:
ஆக, 11 கூட இல்லை, மூன்றுதான் என்று நீங்களே இறங்கி வந்துவிட்டீர்கள்.

நீலச்சட்டை:
எங்கே அப்படிச் சொன்னேன்?

வெளிர்நீலம்:
அந்த 20 டாலரை எப்படி அனுப்புகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் தொடருங்கள்.

காட்டுப்பூனை:
மேலே எழுதியிருக்கிறீர்கள், "அந்த மூன்றை மட்டும் எடுங்கள்." எடுத்துவிட்டேன். நாளைக்கு இதற்குத் தனித் திரி போடுகிறேன்.