வாயைக் காப்பது என்றால் வாயை மூடிக்கொள்வதா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

மதுரைக்காரன் (தொடங்கியவர்):

அஸ்ஸலாமு அலைக்கும். நாவைப் பேணுவது பற்றி ஜும்ஆ பயான்களில் (வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுகளில்) கேட்காத ஹதீஸ் (நபிமொழி) இல்லை. "அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புகிறவர் நல்லதைப் பேசட்டும், இல்லையேல் வாய்மூடி இருக்கட்டும்" என்பது மக்தபில் (குர்ஆன் ஓதும் பள்ளியில்) படிக்கும் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அதையே திரும்ப எழுத வேண்டாம். நீங்கள் கண்ணால் கண்ட ஓர் ஆளைப் பற்றிச் சொல்லுங்கள். பேசாமல் இருந்தவராகவும் இருக்கலாம், பேச வேண்டிய இடத்தில் அளந்து பேசியவராகவும் இருக்கலாம். ஒரே நிபந்தனை, ஆளின் பேரும் அடையாளமும் வேண்டாம். புறம் பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுகிறது குர்ஆன். புறம் பேசாமையைப் பற்றிப் பேச உட்கார்ந்து நாலு பேரின் மாமிசத்தைத் தின்றுவிட்டு எழுந்துபோகக் கூடாது.

ஜவுளிக்கடை மகன்:

வ அலைக்குமுஸ்ஸலாம். எங்கள் அத்தா ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். கடைவீதியில் யார் வீட்டுக் கதையைச் சொன்னாலும் அவர்களிடமிருந்து "அப்படியா" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. துணி மடிக்கிற கை மட்டும் நிற்காமல் ஓடும். சொல்ல வந்தவருக்கே அலுத்துப்போய்விடும்.

எங்களிடம் வேலை பார்த்து நின்றுவிட்ட ஒரு பையனைப் பற்றி விசாரிக்க, பெண்ணின் தகப்பனார் வெளியூரிலிருந்து வந்திருந்தார். வழக்கம்போல "நல்ல பையன்தான்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள் என்றே நான் நினைத்தேன். அத்தா முதலில் ஒன்று கேட்டார்கள்: "சம்பந்தத்துக்குத்தானே கேட்கிறீர்கள்?" அவர் ஆமாம் என்றதும் வேலையாட்கள் இருவரையும் டீ வாங்க அனுப்பினார்கள். அவரை உள்ளே, பேல் அடுக்கியிருக்கும் பக்கம் அழைத்துப்போனார்கள். கல்லாவில் இருந்த எனக்குப் பேச்சு காதில் விழுந்தது.

"பையன் மொபைலில் பணம் கட்டி ரம்மி ஆடினான். என்னிடம் வாங்கிய கடன் இன்னும் நிற்கிறது. இவை இரண்டும் நான் நேரில் பார்த்தவை. இப்போது விட்டுவிட்டானா என்பது எனக்குத் தெரியாது. அவனையே கூப்பிட்டுக் கேளுங்கள்."

அவ்வளவுதான். ஆனால் வந்தவருக்கு ருசி தட்டிவிட்டது. பையனின் தாயார் குணம் எப்படி, அக்காள் ஏன் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகத் தோண்ட ஆரம்பித்தார். அத்தா எழுந்துவிட்டார்கள். "அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் வரவில்லை. டீ ஆறுகிறது, வாருங்கள்."

இரவு கடையைச் சாத்தும்போது கேட்டேன், இது புறம் ஆகாதா என்று. அத்தா நபித்தோழி பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களின் கதையைச் சொன்னார்கள். முஆவியா, அபூஜஹ்ம் இருவரும் தம்மைப் பெண் கேட்டிருப்பதாக அவர் நபியவர்களிடம் (ஸல்) வந்து சொல்கிறார். "அபூஜஹ்ம் தோளிலிருந்து கைத்தடியைக் கீழே வைக்காதவர் (மனைவியை அடிப்பவர் என்று பொருள்). முஆவியாவோ கையில் பணமில்லாத ஏழை. நீ உஸாமாவை மணந்துகொள்" என்று பதில் வருகிறது. ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருப்பது. ஒருவருக்கு ஒரு குறை, அதுவும் அந்தப் பெண்ணின் வாழ்க்கைக்குத் தேவையான குறை மட்டும்.

கேள்விக்காரன்:

காக்கா (அண்ணே), கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பையன் திருந்தியிருந்தால்? ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற ஹதீஸும் இருக்கிறதே. சம்பந்தம் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லுங்கள்.

ஜவுளிக்கடை மகன்:

முறிந்துபோயிற்று. பையன் கடை வாசலில் வந்து நின்று சத்தம் போட்டான். அத்தா மழுப்பவில்லை. "ஆமாம், நான்தான் சொன்னேன். சொன்னதில் எது பொய் என்று சொல், இப்போதே அவர் வீட்டுக்குப் போய் மாற்றிச் சொல்லிவிட்டு வருகிறேன்" என்றார்கள். அவன் அதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டான். அவன் திருந்தியிருந்தானா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

மதரஸா உஸ்தாத்:

தம்பியின் கேள்வி நியாயமானது. குறையை மறைப்பது பொது விதி. ஆலோசனை கேட்டு வந்தவரிடம் மறைத்தால் அது மோசடி. ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் (நம்பி ஒப்படைத்த பொறுப்பு) ஒப்படைக்கப்பட்டவர் என்று ஹதீஸிலேயே வருகிறது.

ஒருவரின் குறையை அவர் இல்லாத இடத்தில் சொல்ல அனுமதியுள்ள இடங்கள் என்று ஹதீஸ் அறிஞர் இமாம் நவவி ஆறைக் குறிப்பிடுகிறார். அநீதி இழைக்கப்பட்டவர் முறையிடுவது, தீமையைத் தடுக்க உதவி கேட்பது, ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்பது, எச்சரிப்பது, பகிரங்கமாகப் பாவம் செய்கிறவரின் அந்தப் பாவத்தைச் சொல்வது, அடையாளத்துக்காகச் சொல்வது. நம் ஆட்கள் இந்த ஆறு வாசலையும் கேட்டுவிட்டு, ஆறிலும் வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். "எச்சரிக்கத்தானே சொன்னேன்" என்று தொடங்குகிற பேச்சு, கேட்பவருக்குச் சம்பந்தமே இல்லாத ஆளைப் பற்றியதாக இருக்கும். "அந்த இடம் உங்களுக்கு ஒத்துவராது" என்ற ஒரு வாக்கியத்தில் காரியம் முடியுமென்றால் குறையை விவரிக்கவே கூடாது என்கிறார் அதே நவவி. இதை யாரும் மேற்கோள் காட்டிப் பார்த்ததில்லை!

காயல் லாத்தா:

ஆண்கள் கடையைச் சொல்லிவிட்டீர்கள், நான் கல்யாண வீட்டைச் சொல்கிறேன்.

பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். பிரியாணி சஹன் (சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு) வைக்கிற நேரத்தில் ஒரு பிள்ளையின் கழுத்துச் சங்கிலியைக் காணவில்லை. பத்து நிமிடத்துக்குள் வீட்டு மருமகள்களில் ஒருவரைச் சுற்றிக் கிசுகிசு கிளம்பிவிட்டது. யாரும் பெயரைச் சொல்லவில்லை. "உள் அறைக்கு யார் யார் போனார்கள்?" என்று மட்டும் கேட்டார்கள். கேட்கிற தொனியிலேயே பெயர் இருந்தது.

அவளுக்கும் அவளுடைய ஓரகத்திக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது ஊரறிந்த விஷயம். பாகப்பிரிவினைச் சண்டை. ஆகவே மாமி ஒருவர் நேரே அந்த ஓரகத்தியிடம் போனார். அவர் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்தால் போதும், மீதியைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். அவர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "அவளும் நானும் பேசிக்கொள்வதில்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் லுஹர் (நண்பகல்) தொழுகைக்குப் பிறகு அவள் என் கண் முன்னால்தான் இருந்தாள். அந்த அறைப் பக்கம் போகவில்லை. நான் பார்க்காததை என் வாயில் போடாதீர்கள்."

எனக்கு உடனே ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களின் நினைவுதான் வந்தது. ஆயிஷா (ரலி) அவர்கள் மீது அவதூறு கிளம்பி மதீனாவே கொந்தளித்துக்கொண்டிருந்தபோது, நபியவர்கள் (ஸல்) ஸைனபிடம் கேட்டார்கள். நபியின் மனைவியரில் தமக்கு இணையாகப் போட்டியிட்டவர் அவர்தான் என்று ஆயிஷா (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வீழ்த்த நினைத்திருந்தால் அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஸைனபோ, "என் காதையும் கண்ணையும் பாதுகாத்துக்கொள்கிறேன். அவரைப் பற்றி நல்லதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது" என்றார்கள். ஸைனபுக்காகச் சண்டை பிடிப்பதாக நினைத்து அவதூறில் விழுந்தவர் அவருடைய சொந்தச் சகோதரி ஹம்னா! சம்பந்தப்பட்டவர் சும்மா இருக்க, பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் எப்போதும் அதிகம் பேசுகிறார்கள்.

சங்கிலி கிடைத்தது. அது எப்படிக் கிடைத்தது என்பது வேறொரு பிள்ளையின் மானம், விட்டுவிடுகிறேன். ஓரகத்திகள் இருவரும் அதற்குப் பிறகு கூடிக் குலாவவில்லை. பாகப்பிரிவினை வழக்கும் நடந்தது.

கேள்விக்காரன்:

பட்டப்பெயர்? எங்கள் ஊரில் பட்டப்பெயர் சொல்லாவிட்டால் கூரியர்கூட வந்து சேராது. ஒரே தெருவில் ஒரே பெயரில் அரை டஜன் பேர் இருக்கிறார்கள்.

மதரஸா உஸ்தாத்:

நான் சொன்ன ஆறாவது இடம் அதுதான். ஹதீஸ் அறிவிப்பாளர்களிலேயே அஃமஷ், அஃரஜ் என்று பெயர் பெற்றவர்கள் உண்டு. கண்பார்வை மங்கியவர், கால் ஊனமானவர் என்று பொருள்படும் பெயர்கள். அடையாளத்துக்கு வேறு வழி இல்லாதபோது சரி. அவர் முகம் சுளிக்கிறார் என்று தெரிந்த பிறகும் கூப்பிட்டால், பட்டப்பெயர் சூட்டி அழைக்காதீர்கள் என்று சொல்லும் குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்தின் 11வது வசனம் நேராக உங்களை நோக்கித்தான் பேசுகிறது.

ஹாஜியார் பேத்தி:

பேசிவிட்ட பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி எங்கள் உம்மம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் வீடு வீடாக வந்து "ஏதாவது தவறு நடந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வார்கள் அல்லவா? கேட்கிறவரும் "பொறுத்துக்கொண்டேன், துஆச் செய்யுங்கள்" என்பார். இருபது வீட்டை ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

சொந்தக்காரர் ஒருவர் அப்படி வந்தார். உம்மம்மா அவரை உட்கார வைத்து, பலகாரத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்கள்: "எதைப் பொறுக்கச் சொல்கிறீர்கள் தம்பி?" அவர் "பொதுவாகச் சொன்னேன்" என்றார். "பொதுவாக நீங்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்றார்கள். என் மாமா வியாபாரத்தில் நொடித்தபோது அவர் நாலு இடத்தில் பேசியது உம்மம்மா காதுக்கு வந்திருந்தது. அவருக்கும் அது தெரியும்.

மதரஸா உஸ்தாத் அவர்களே, இங்கே ஒன்று கேட்க வேண்டும். பேசப்பட்டவருக்கு விஷயமே தெரியாதபோது, போய்ச் சொல்லிப் புதிதாகப் புண்படுத்துவதைவிட அவருக்காகப் பாவமன்னிப்புக் கேட்டு, பேசிய இடத்திலேயே அவரைப் பற்றி நல்லது சொன்னால் போதும் என்று சில அறிஞர்கள் சொல்வதாகப் படித்திருக்கிறேன். தெரிந்துவிட்டால்?

மதரஸா உஸ்தாத்:

தெரிந்துவிட்டால் நேரில் போய்க் கேட்பதுதான் வழி. பிறகு என்ன நடந்தது?

ஹாஜியார் பேத்தி:

அவர் சொல்லிவிட்டார். எங்கே, யாரிடம், என்ன பேசினார் என்று எல்லாவற்றையும். உம்மம்மா கேட்டு முடித்துவிட்டு, "இது என்னுடைய விஷயம் இல்லை, என் மகனுடையது. அவனிடம் போய்க் கேளுங்கள். என் பங்குக்கு நான் யோசித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பிவைத்தார்கள். உம்மாவுக்கு ஒரே கோபம், ஹஜ்ஜுக்குப் போகிறவரை இப்படியா அனுப்புவது என்று. அவர் மாமாவிடம் போனார். பேசிய நாலு இடங்களுக்கும்கூடப் போனார் என்று கேள்விப்பட்டோம். பயணத்துக்கு முந்திய நாள் உம்மம்மா என்னிடம் ஒரு டப்பா நிறைய முறுக்கைக் கொடுத்து, "பொறுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு வா. டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வா" என்றார்கள்.