டிவி விவாதம் பாத்து அரசியல் பேசற பையனுக்கு பழைய சீரியல், காமிக்ஸ், புக்கு எதுங்க குடுக்கலாம்?

கோபி_வாய்க்கால்மேடு:
எல்லாருக்கும் வணக்கமுங்க. என் பையன் பத்தாவது படிக்கிறான், படிப்பெல்லாம் பரவால்லீங்க, ஆனா ராத்திரி எட்டு மணியானா நியூஸ் சேனல் விவாதத்தையே பாத்துட்டு கெடக்கறான், அது முடிஞ்சா செல்போன்ல அதையே துண்டு துண்டா வெட்டிப் போட்ட வீடியோ, யாரு யாரை மடக்குனாங்கங்கறது மட்டும் தான் அவனுக்கு மனசுல நிக்குது. போன வாரம் சோத்துக்கு உக்காந்தப்ப தொகுதி மறுவரையறை, அதாவது ஜனத்தொகைக்குத் தக்க எம்பி தொகுதிகளத் திருப்பிப் பிரிக்கறது பத்தி பேச்சு வந்துச்சு, தமிழ்நாட்டுக்கு எம்பி சீட்டு குறைஞ்சு போயிரும்னு அடிச்சுச் சொல்றான், ஏன் குறையும், எப்படிக் குறையும்னு கேட்டா ‘அந்த வீடியோல சொன்னாங்கப்பா’ங்கறான். அரசியல்ல ஆர்வமா இருக்கறது எனக்கு சந்தோசந்தானுங்க, எங்கப்பாரு காலத்துல இருந்தே எங்க ஊட்டுல பேப்பர் படிக்காம பொழுது விடியாது. ஆனா ஒரு விசயத்த முழுசா, பொறுமையா கேக்கற பழக்கம் அவனுக்கு வரோணும். பழைய தூர்தர்சன் நிகழ்ச்சி, காமிக்ஸ், புக்கு எதா இருந்தாலும் சொல்லுங்க, அவன் முகம் சுளிக்காம உக்காந்து பாக்கற மாதிரி.

ஈரோடு_காமிக்ஸ்பிரியன்:
அண்ணா, முதல்ல காமிக்ஸ்ல ஆரம்பிங்க, புக்குன்னு சொன்னாலே எந்திரிச்சு ஓடற பையன் கூட இதுக்கு உக்காருவான். இரும்புக்கை மாயாவி நம்ம தலைமுறைக்கு, 1972ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சதே அவர வச்சுத்தான், ஆனா இந்தப் பையனுக்கு நான் குடுக்கறதுன்னா டெக்ஸ் வில்லர் தான். இத்தாலில 1948ல பிறந்த கதைங்க, லயன் காமிக்ஸ்ல தமிழ்ல தொடர்ந்து வருது. அவர் வெறும் துப்பாக்கி சுடற ஆளு இல்லீங்க, அமெரிக்க ரேஞ்சரும் அவரே, நவஹோ செவ்விந்தியங்களுக்கு தலைவரும் அவரே, இரவுக் கழுகார்னு பேரு. ரயில் ரோடு போடணும், சுரங்கம் தோண்டணும்னு அந்த சனங்க நிலத்த ஏமாத்திப் புடுங்க ஒரு கும்பல் வரும், அதுக்கு ஒத்தாசையா ஒரு அதிகாரியும் இருப்பான், இவர் அரசாங்கத்துக்கும் அந்த சனங்களுக்கும் நடுவுல நிப்பாரு.

இதப் படிச்சு முடிச்ச கையோட நம்ம பக்கத்து கெயில் (மத்திய அரசோட கேஸ் கம்பெனி) பைப் கதையச் சொல்லுங்க. கொச்சில இருந்து பெங்களூருக்கு கேஸ் குழாய், நம்ம கொங்கு ஏழு மாவட்டத்துல விவசாய நிலத்துக்குள்ளயே கொண்டு போறதுன்னு வந்தாங்க, விவசாயிங்க எதுத்தாங்க, 2013ல அப்ப முதல்வரா இருந்த ஜெயலலிதா ரோட்டோரமா கொண்டு போங்கன்னு சொன்னாங்க, கடைசில 2016ல சுப்ரீம் கோர்ட் கெயில் பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. நெலம் யாருது, அதுல குழாய் போட யாரக் கேக்கோணும், மாநில அரசு சொன்னா செல்லுமா செல்லாதா, இது பூரா அந்த ஒரே விசயத்துல இருக்குதுங்க. விவாதத்துல அரை மணி நேரம் கத்துனாலும் இது வெளங்காது. ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு ஒட்டுக்கா கூட்டிட்டு வாங்க, அவனே புரட்டிப் பாத்து எடுக்கட்டும், நாம எடுத்துக் குடுத்தா அது பாடப்புத்தகம் ஆயிரும்.

நொய்யல்_வாசகி:
காமிக்ஸ் சரிதானுங்க, ஆனா டிவி பாக்கற பையன டிவிலயே தான் திருப்போணும். ஷியாம் பெனகல் எடுத்த பாரத் ஏக் கோஜ் இருக்குதுங்க, நேரு எழுதுன புத்தகத்த வச்சு 1988ல தூர்தர்சன்ல வந்துச்சு, 53 பகுதி. அது பெருசுன்னு தோணுச்சுன்னா அவரே 2014ல ராஜ்யசபா டிவிக்கு எடுத்த சம்விதான், பத்தே பகுதி. நம்ம அரசியல் சட்டம் எழுதுன சபைல என்னென்ன சண்ட நடந்துச்சுங்கறது தான் கதை. ஒருத்தர் பேசி முடிக்கற வரைக்கும் மத்தவங்க காத்திருக்கறத அதுல பாருங்க, எதுத்துப் பேசறவரு கூட முன்னாடி பேசுனவர் சொன்னத எடுத்துச் சொல்லிட்டுத்தான் தன் பதில ஆரம்பிப்பாரு. அம்பேத்கரா வர்ற சச்சின் கேடேகர் குரலே உசத்த மாட்டாரு, ஆனா நம்ம கண்ண எடுக்க முடியாது. ரெண்டுமே யூடியூப்ல இருக்குது.

எலக்சன் ரிசல்ட்ட பத்தியும் சொல்லுங்க. வாக்குச்சீட்ட எண்ணுன காலத்துல ரெண்டு மூணு நாள் ஓடும், தூர்தர்சன்ல நடுநடுவுல சினிமா போடுவாங்க, திரும்ப வந்து எந்தத் தொகுதில யாரு முன்னால, போன தடவ ஓட்டு எங்க போச்சுன்னு கணக்கு சொல்லுவாங்க. எங்கம்மா பொறந்த ஊர்ல பஞ்சாயத்து டிவி ரூம்ல உக்காந்து பாத்த சனங்க அந்தக் கணக்க அடுத்த நாள் டீக்கடைல அப்படியே ஒப்பிப்பாங்க. நேரம் இருந்ததுனால யோசிக்க முடிஞ்சுதுங்க.

கோபி_வாய்க்கால்மேடு:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். அக்கா, ஒரே தடங்கல் இந்தி. எங்க ஊட்டுல யாருக்கும் இந்தி தெரியாது, கீழ இங்கிலீஷ்ல எழுத்து ஓடுனா அவன் படிச்சுக்குவான், இல்லீனா பத்து நிமிசத்துல எந்திரிச்சுருவான். அப்புறம் விவாத நிகழ்ச்சிய நிறுத்தச் சொல்லலாமா வேண்டாமா, அதையும் சொல்லுங்க.

தறிச்சத்தம்_குமாரபாளையம்:
நிறுத்தாதீங்க அண்ணா. நிறுத்துனா செல்போன எடுத்துட்டு மொட்டமாடிக்குப் போவான், அங்க நீங்க கூட இருக்க மாட்டீங்க. கூட உக்காந்து பாருங்க, முடிஞ்சதும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க, இன்னிக்கு பேசுனதுல நீ எத சரிபாக்க முடியும்னு.

நான் சொல்ல வந்தது கேலிச்சித்திரம் பத்தி, காமிக்ஸும் அரசியலும் ஒண்ணாச் சேர்ற எடம் அது தான், அத விட்டுட்டீங்க எல்லாரும். 1987ல ஆனந்த விகடன் அட்டைல எம்எல்ஏ, மந்திரிகளக் கிண்டல் பண்ணி ஒரு ஜோக் வந்துச்சு, அதுக்காக அதன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு சட்டசபையே மூணு மாசம் ஜெயில் தண்டனை குடுத்துச்சு. நாடு பூரா பத்திரிகைக்காரங்க எதுத்ததுல சில நாள்லயே வெளிய விட்டுட்டாங்க, ஆனா அவர் விடல, கோர்ட்டுக்குப் போயி அது தப்புன்னு தீர்ப்பு வாங்குனாரு, நஷ்ட ஈடு ஆயிரம் ரூவா. பணத்துக்காகவா போனாரு? எந்த அதிகாரத்துல என்னைய உள்ள வச்சீங்கன்னு கேக்கத்தான் போனாரு.

இப்ப 2025 பிப்ரவரிக்கு வாங்க, பிரதமர கைவிலங்கோட வரைஞ்ச ஒரு கார்ட்டூனுக்காக விகடன் வெப்சைட்டையே முடக்கி வச்சாங்க, மார்ச்ல சென்னை ஐகோர்ட் அந்தக் கார்ட்டூன தற்காலிகமா எடுத்துட்டா முடக்கத்த நீக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. ரெண்டு சம்பவத்துக்கும் நடுவுல 38 வருசம், மாநிலத்துல ஒரு ஆட்சி, டெல்லில வேற ஆட்சி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பையன்கிட்ட குடுங்க, நீங்க எந்தக் கட்சின்னு சொல்லாதீங்க. அவன் ஆதரிக்கற கட்சி ஆட்சில நடந்திருந்தா அவன் என்ன சொல்லுவான், அதக் கேளுங்க. அந்தக் கேள்விக்கு யோசிக்கறவன் அப்புறம் எந்த விவாதத்தப் பாத்தாலும் கெட்டுப்போக மாட்டான், எனக்கு அதுல சந்தேகமே இல்லீங்க.

உக்கடம்_பழையபுத்தகம்:
கோபி அண்ணா, இந்தி வேண்டாம்னா அந்த சபைல பேசுனதயே படிக்க வையுங்க. அரசியல் நிர்ணய சபை விவாதம் பூரா இங்கிலீஷ்ல பாராளுமன்ற வெப்சைட்ல காசில்லாம கெடைக்குது. 1946 டிசம்பர்ல இருந்து 1950 ஜனவரி வரைக்கும் பேசுனது, மொத்தமும் வேண்டாம், 1949 செப்டம்பர் 12ல இருந்து 14 வரைக்கும் ஆட்சி மொழி பத்தி நடந்த விவாதம் மட்டும் போதும். ஏன்னா அதுல நம்ம ஊரு ஆளுங்க இருக்காங்க. கோயமுத்தூர் டி.ஏ.ராமலிங்கம் செட்டியார் எந்திரிச்சு, தெற்க இருக்கறவங்களுக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை, உங்க பக்கத்துல உங்க மொழி எப்படியோ எங்க பக்கத்துல எங்க மொழி அப்படித்தான்னு நிதானமாச் சொல்றாரு. திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் சுப்பராயன் இந்தியும் உருதும் கலந்த இந்துஸ்தானிய ரோமன் எழுத்துல, அதாவது இங்கிலீஷ் எழுத்துல எழுதலாம்னு வாதாடறாரு. ஒரே வட்டாரத்து ரெண்டு பேரு, ரெண்டு வேற வழி, ஒருத்தர ஒருத்தர் துரோகின்னு சொல்லல. பையனுக்கு அத வாய் விட்டு படிக்கச் சொல்லுங்க, டிவில வர்ற வேகத்துல அதப் படிக்கவே முடியாது.

தொகுதி மறுவரையறை விசயத்துக்கும் அவனுக்கு இதச் சொல்லுங்க. ஜனத்தொகைக்குத் தக்க எம்பி சீட்டுங்கறது அரசியல் சட்டத்துல இருக்குது. 1962ல மெட்ராஸ் மாநிலத்துக்கு 41 சீட்டு, 1967 எலக்சன்ல 39 ஆச்சு, அப்புறம் அப்படியே இருக்குது. 1976ல 42வது திருத்தம் போட்டு 1971 கணக்க வச்சே எண்ணிக்கைய நிறுத்தி வச்சாங்க, குடும்பக் கட்டுப்பாட்ட ஒழுங்கா செஞ்ச மாநிலத்துக்கு நஷ்டம் வரக்கூடாதுன்னு. அது முடியறப்ப 84வது திருத்தம் போட்டு, 2026க்கு அப்புறம் எடுக்கற முதல் சென்சஸ் வரைக்கும் தள்ளி வச்சாங்க. குறையும்னு உங்க பையன் சொன்னது இதுல இருந்து வந்த பயம் தான், பயம் நியாயமானது. ஆனா மக்களவைல மொத்த எண்ணிக்கைய 543லயே வச்சுட்டு பிரிச்சா ஒரு கணக்கு, மொத்தத்தக் கூட்டிட்டுப் பிரிச்சா வேற கணக்கு, ரெண்டாவதுல நம்ம சீட்டு எண்ணிக்கை குறையாமலே நம்ம பங்கு குறையலாம். ஒரு பேப்பரும் பேனாவும் குடுத்து மாநில வாரியா ஜனத்தொகைய எழுதி அவனையே வகுத்துப் பாக்கச் சொல்லுங்க, பத்தாவது கணக்கு போதும் அதுக்கு. கோயமுத்தூர் வந்தா உக்கடம் பழைய புத்தகக் கடைப் பக்கம் கூட்டிட்டு வாங்க, முதல் நிதி மந்திரி ஆர்.கே.சண்முகம் செட்டி 1947 நவம்பர்ல படிச்ச நாட்டோட முதல் பட்ஜெட் பத்தி எதாவது சிக்குதான்னு நானும் தேடிட்டுத்தான் இருக்கேன், ஏழரை மாசத்துக்கு மட்டும் போட்ட பட்ஜெட் அது.

கோபி_வாய்க்கால்மேடு:
41, 39 கணக்க இப்பத்தான் அவன்கிட்ட காட்டுனேனுங்க. 1967ல ஏன் ரெண்டு கொறஞ்சுதுன்னு கேக்கறான், 1961 சென்சஸ் கணக்கு எங்க இருக்குதுன்னு செல்போன்லயே தேடிட்டு இருக்கான்.