எங்க லயத்துக்கு (எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடு) மேல கல்குவாரி வரப்போகுதாம், என்ன பண்றது?

மலையோரம்:
கேரளா இடுக்கி மாவட்டம் உடும்பஞ்சோலை தாலுகாங்க, ஊர் பேரு வேணாம். மேல இருக்குற பாறைல குவாரியும் கிரஷரும் போடப்போறாங்கன்னு நோட்டீஸ் ஒட்டிருக்காங்க, முழுக்க மலையாளம், லயத்துல பாதிப் பேருக்கு தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், டீக்கடைல ஒரு தம்பி படிச்சு சொன்னப்புறம்தான் விஷயமே தெரிஞ்சது. அந்தப் பாறைக்கு அடியில இருக்குற ஊத்துலதான் ஓஸ் போட்டு எல்லா வீட்டுக்கும் தண்ணி இழுத்திருக்கோம், சித்திரைலயும் சுண்டுவிரல் தடிமனுக்கு நிக்காம விழும். வெடி வச்சா அந்தத் தண்ணி என்னாகும்? யாருக்கு எழுதணும்?

நெடுங்கண்டம்_அக்கா:
தம்பி, முதல்ல வில்லேஜ் ஆபீஸ்ல சர்வே நம்பர் கொடுத்து நிலம் என்ன வகைன்னு பாருங்க. 64 பட்டான்னா, அதாவது 1964 விதில கொடுத்த பட்டான்னா, விவசாயத்துக்கும் வீட்டுக்கும் கொடுத்தது, ஏலமலை நிலம்னா ஏலக்காய் பயிர் பண்ணக் கொடுத்தது, அதுல கல்லு உடைக்கிறது கொடுத்த நோக்கத்தையே மீறுறது, உங்களுக்குப் பெரிய பிடி இதுதான். 2023ல பட்டா சட்டத்தைத் திருத்திருக்காங்க, அதனால வக்கீல்கிட்டயும் காட்டிருங்க. அப்புறம் 5 ஹெக்டேருக்குக் கீழன்னாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேணும்னு 2012ல தீபக் குமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. குவாரிக்காரங்க போட்ட அப்ளிகேஷன் பரிவேஷ்ங்கிற மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி சைட்ல கிடக்கும், உங்க ஊத்தைக் காட்டாம விட்டிருந்தா ஓஸோட போட்டோ எடுத்து லொகேஷனோட எழுதிப் போடுங்க.

போடிமெட்டு:
தூரத்தை மட்டும் நம்பாதீங்க. தமிழ்நாட்டுல குடியிருப்புலருந்து 300 மீட்டர், கேரளா 2015 விதில 50 மீட்டர்தான். 2020ல பசுமைத் தீர்ப்பாயம் வெடி வைக்கிற குவாரிக்கு 200 மீட்டர்னு சொல்லிச்சு, குவாரிக்காரங்க உடனே கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. தண்ணியையும் மலைச்சரிவையும் எழுதுங்க. மூணாறு பக்கம் கேப் ரோடு அகலப்படுத்த பாறைய உடைச்சாங்களே, 2019லயும் 2020லயும் சரிஞ்சு கீழ தோட்டத்து மேல வந்து விழுந்துச்சு, நாம எல்லாரும் பாத்ததுதான்.

டிப்பர்_மச்சான்:
எல்லாத்தையும் எதிர்த்தா எப்படிங்க. லைப் மிஷன்ல, அதான் கேரளா அரசு வீட்டுத் திட்டத்துல, வீடு கட்டணும்னா ஜல்லி வேணும், தேனிலருந்து மலையேத்தினா லோடு வாடகையே கழுத்தை நெரிக்குது. எங்க பசங்களுக்கு வேலையும் வேணும்.

மலையோரம்:
வேலை வேணாம்னு சொல்லலண்ணே, ஜல்லியும் வேணும்தான். ஆனா மூணாறு பக்கம் பெட்டிமுடில 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிஞ்சு 70 பேர் போனாங்க, அத்தனையும் நம்ம தமிழ் எஸ்டேட் சனம். அங்க குவாரி இல்ல, மழைதான். வெடியே வைக்காம லயத்து மேல மலை வருதுன்னா, லயத்துக்கு நேர் மேல வெடி வைக்க நான் எப்படி ஒத்துக்குவேன்?

நெடுங்கண்டம்_அக்கா:
மனுவ தமிழ்லயே எழுதுங்க. 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மைக்காரங்க தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதின்னு அறிவிச்ச இடத்து ஆபீஸுக்கும் தமிழ்ல எழுதலாம், பதிலும் தமிழ்ல வரணும். ஒரு காப்பி பைனாவுல கலெக்டருக்குக் கொடுத்து ரசீது வாங்கிக்கோங்க. கிராம சபா அன்னைக்கு ஒரு நாள் கூலி போனாலும் பொம்பளைங்க எல்லாரும் வந்துருங்க, தீர்மானத்த மினிட்ஸ் புக்ல எழுதி வாசிச்சுக் காட்டினப்புறம் கையெழுத்துப் போடுங்க, வெத்துத் தாள்ல மட்டும் போட்டுராதீங்க.