புதுப்பிப்பு: ஆசிரியர் இல்லாமல் ஆசனம், இப்போது எப்படிப் போகிறது

தக்கலைப் பக்கம் வகுப்பு எதுவும் என் வேலை நேரத்துக்கு ஒத்துவரவில்லை, வீட்டிலேயே யோகாசனம் பழகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் நன்றி. பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெரிய மாற்றம், காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிகிற பச்சிமோத்தாசனத்தில். ஒரு அக்கா சொன்னபடி போர்வையை நாலாக மடித்து, அதன் விளிம்பில் உட்கார்ந்து, முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டேன். இடுப்பு தானாக முன்னால் சாய்ந்தது. முதுகில் இருந்த இழுப்பு தொடையின் பின்பக்கத்துக்கு இறங்கியது. கை இன்னும் கணுக்கால் வரைதான் போகிறது. போகட்டும், விரலைப் பிடித்து யாருக்குக் காட்ட வேண்டும்?

போனைச் சுவரில் சாய்த்துப் பக்கவாட்டில் வீடியோ எடுக்கிறேன். ஒற்றைக்காலில் நிற்கிற விருட்சாசனத்தில், மடக்கிய காலின் பாதம் மற்றக் காலின் முட்டியில் பதிகிறதா என்று அதில் தெரிந்துவிடும். பதியக்கூடாது, கெண்டைக்காலிலோ தொடையிலோ வைக்கலாம்.

அப்புறம், கோரைப்பாய் மொசைக் தரையில் வழுக்கும். நம்மூர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்தால் கேட்கவே வேண்டாம். ரப்பர் பாய் வாங்கிவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு 3 மணி நேரமாவது இடைவெளி. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் என்றால் அன்றைக்கு லீவுதான்.

தலைகீழாக நிற்கிற சிரசாசனம் பற்றிக் கேட்டவருக்கு: தனியாகச் செய்யமாட்டேன், கழுத்து விஷயம். ரத்த அழுத்தமோ கண் அழுத்தமோ இருப்பவர்கள் தொடவே வேண்டாம். கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தில் அடுத்த யோகா முகாம் எப்போது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.